ஓடக்காரி கட்டிய முடிச்சு

முன்னொரு காலத்தில் பூவாற்று நாட்டைக் கண்டராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. நடுவில் பலமான சாப்பாடு. அப்படியொரு விருந்தில் பக்கத்து நாட்டு ராஜா ஏப்பத்தோடு ஒரு வார்த்தை விட்டான்: "போன வருஷம் மட்டும் எங்கள் நாட்டில் நாற்பது புது நூல்கள். உங்கள் நாட்டில்?"

கண்டராயனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே முரசு அறைந்தார்கள்: "இந்த ஆடிப்பெருக்குக்கும் அடுத்த ஆடிப்பெருக்குக்கும் நடுவே, எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் நூல் எழுத வேண்டும். நல்லவை அரண்மனைக்கு. மற்றவை ஆற்றோடு போகும்!"

அவ்வளவுதான், நாடெங்கும் எழுத்தாணி கீச்சிட்டது. சமையற்காரர் ரசத்தைத் தூது விட்டார். யானைப்பாகன் யானையைப் பாடினான், யானைக்குத்தான் பிடிக்கவில்லை. கடைசியில் இருபத்துமூன்று ஏடுகள் வந்து சேர்ந்தன.

நல்லது கெட்டது சொல்லும் வேலை ஆஸ்தானப் புலவர் அகோரத்துக்கு. அவர் சாற்றுகவி தந்தால், அதாவது நூலைப் புகழ்ந்து ஒரு பாட்டுத் தந்தால், அந்த நூல் பிழைத்தது. புலவருக்கோ இன்னொருவர் பாடினாலே வயிறு எரியும். இருபத்துமூன்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள் முன்பு, ஓடக்காரி காத்தாயி மந்திரி திருமேனியாரிடம் வந்து அழுதாள்.

"என் ஓடத்துல ஏறின நூறு பேரப் பாடியிருக்கேன் சாமி. வேற படி கெடையாது. ஆத்துல விட்டா எல்லாம் போச்சு."

"புலவர் என்ன சொன்னார்?"

"சொல்லுக்குச் சொல் குத்தமாம்."

மந்திரி குவியலிலிருந்து அவளுடைய ஏட்டை எடுத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அதே ஏட்டைப் பட்டுத்துணியில் சுற்றிப் புலவர் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

"புலவரே, அரண்மனையிலிருந்து கொண்டுவருகிறேன். எழுதியவர் யாரென்று நான் சொல்லக்கூடாது."

புலவர் பட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சொல்லவே வேண்டாம், புரிந்துவிட்டது!"

ஆடிப்பெருக்கன்று சபை கூடியது. புலவர் அந்த ஏட்டைப் புகழ்ந்து பத்துப் பாட்டு பாடினார். "எழுத்தெல்லாம் முத்து! மூன்று முறை படித்தேன், கண்ணீர் நிற்கவில்லை" என்று ராஜாவை விழுந்து கும்பிட்டார்.

"எனக்கெதற்கு ஐயா கும்பிடு? நான் எழுத்தாணியைத் தொட்டே பத்து வருஷமாகிறது. கொடும் இப்படி!"

ராஜா கயிற்றை இழுத்தான். முடிச்சு அசையவில்லை. சேனாபதி பல்லால் கடித்தார், பல்தான் ஆடியது.

"மூன்று முறை படித்தவர் நீர்தானே? நீரே அவிழ்த்துக் காட்டும்" என்றான் ராஜா.

புலவர் இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்தது. மந்திரி காத்தாயியை அழைத்தார். அவள் நுனியை உள்ளே தள்ளி ஒரு சுண்டு சுண்டினாள். கயிறு பொத்தென்று விழுந்தது.

"ஓடம் கட்டுற முடிச்சு ராசா. எங்க கை தெரிஞ்சாத்தான் அவிழும். நான் கட்டுனதுலேருந்து யாரும் இதப் பிரிக்கல."

"இந்த ஏட்டைத்தான் புலவர் முன்பு சொல்லுக்குச் சொல் குற்றம் என்றார்" என்றார் மந்திரி.

ராஜா நடுவில் ஓர் ஓலையை எடுத்து மனசுக்குள் படித்தான். அவன் காது சிவந்தது. எந்தப் பாட்டு என்று காத்தாயிக்குத் தெரியும்: மாறுவேஷத்தில் வந்த பருத்த வழிப்போக்கன் ஒருவன், ஓடம் ஆடியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா!" என்று அலறிய பாட்டு. ஏடு ஆற்றில் போனாலும் போகும், கூடவே தலையும் போகுமோ?

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். "அந்தத் தடியன் நான்தான்! உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள்." தன் சால்வையைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினான். பிறகு புலவர் பக்கம் திரும்பினான். "இந்த வருஷத்து நூல் ஒன்றும் ஆற்றோடு போகாது. நீர்தான் போகிறீர்!"

"அரசே, எனக்கு நீச்சல் தெரியாதே!"

"நீந்த வேண்டாம். காத்தாயி ஓடத்தில் உட்கார்ந்து இருபத்துமூன்றையும் வாய்விட்டுப் படியும். முடிக்கும்வரை கரையேறக் கூடாது."

புலவர் முனகிக்கொண்டே படித்தார். ஏழாவது ஏட்டைப் பிரித்தவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். எழுதியவர் பெயர் இல்லை. ஆனால் தினமும் கடைக்குச் சாமான் எழுதித் தரும் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? அவருடைய மனைவியின் கை! அதைப் பிரிக்காமலேதான், "இதை எழுதிய கைக்கு எழுத்தாணி எதற்கு, உலக்கை போதும்" என்று தீர்ப்பு எழுதியிருந்தார்.

"பாட்டு எப்படி சாமி?" என்றாள் காத்தாயி.

"என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறாள்" என்றார் புலவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு கரையை நிமிர்ந்து பார்த்தார். அங்கே அந்த அம்மாள் உலக்கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"காத்தாயி, ஓடத்தைத் திருப்பு! இன்னும் நூறு ஏடு இருந்தாலும் படிக்கிறேன்!"