பின்வாசல் அறையின் உறுதிமொழி

ஜெயபுஷ்பத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வேனின் படியில். போட்டிக்குக் கொண்டுவந்திருந்த அட்டைகளைத் துண்டு துண்டாகக் கிழித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, அந்த இடத்துல நான் வேற என்ன சொல்லியிருக்கணும்?" என்று கேட்டாள். மறு ஆண்டே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். கவனமாகக் கேளுங்கள், விடைக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு கழகம் இருந்தது. கல்லூரிக்கு ஒரு கிளை. ஆண்டுக்கொரு முறை போட்டி வைப்போம். ஒவ்வொரு கிளையும் தான் செய்துவரும் நல்ல காரியம் ஒன்றை மேடையேறி விளக்க வேண்டும். மற்றக் கிளைகளும் எடுத்துச் செய்யத் தக்கது எதுவோ, அதற்குச் சுழற்கேடயம். மண்டபம் பிடிப்பது, மைக் செட், சாப்பாடு, யாருக்குப் பின் யார் பேசுவது, எல்லாம் என் பொறுப்பு. தீர்ப்பு மட்டும் பேராசிரியர் ஞானசிகாமணியுடையது.

அந்த ஆண்டு இரண்டு கிளைகள் ஒரே காரியத்தோடு வந்தன. அரியர் வைத்திருக்கும் ஒருவருக்குக் கழக உறுப்பினர் ஒருவர் துணை. அந்தத் தாள் தேறும்வரை கூடவே உட்கார்ந்து படிப்பது. இதைத் தொடங்கியது கோவில்பட்டிப் பக்கத்துப் பெண்கள் கல்லூரி. அதன் கிளைச் செயலாளர்தான் ஜெயபுஷ்பம். அதைப் பார்த்துச் செய்தது நகரத்து ஆண்கள் கல்லூரி.

பெண்கள் கல்லூரியில் இதற்கென்று ஓர் அறை. கதவு சைக்கிள் நிறுத்தும் பக்கமாகத் திறக்கும். உள்ளே போவது யார் என்று வகுப்புகளிலிருந்து தெரியாது. அதனால்தான் பிள்ளைகள் வந்தார்கள். புதிதாக வருகிறவளின் கையைப் பிடித்து, துணை நிற்பவள் ஓர் உறுதிமொழி சொல்வாள்: "உன் வாயால் நீ சொல்லும்வரை, எங்கள் வாயால் உன் பெயர் வெளியே போகாது." கேடயம் வந்தால் அறை உங்களுக்கு, வராவிட்டால் விடைத்தாள் கட்டுகளுக்கு என்று கல்லூரி முதல்வர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆண்கள் கல்லூரி முதலில் பேசியது. ஆறு பையன்களை மேடையில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒவ்வொருவன் கையிலும் ஓர் அட்டை. கோட்டைவிட்ட மதிப்பெண் சிவப்பில், தேறிய மதிப்பெண் பச்சையில். ஒருவன் அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

"இறக்குப்பா, மூஞ்சி தெரியட்டும்," என்றார் ஞானசிகாமணி. "பொண்ணு பார்க்கவா வந்திருக்கோம்?"

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்து ஜெயபுஷ்பம். உறுதிமொழியை முழுதாகச் சொல்லித்தான் தொடங்கினாள். அவள் அட்டைகளில் பெயர் எதுவும் இல்லை.

"சரிம்மா, யாரையெல்லாம் தேற வச்சீங்க? பேரச் சொல்லு."

"சொல்லக்கூடாது சார்."

"ஆதாரம் இல்லாம எப்படி நம்புறது? ஊரையே தேற வச்சேன்னு எவன் வேணாலும் சொல்லலாமே."

"பேர் வெளிய போனா நாளைக்கு ஒருத்தியும் வர மாட்டா சார்."

அப்போது ஓரத்தில் ஒருத்தி எழுந்தாள். சந்தனமாரி. அட்டைகளைச் சுமந்துகொண்டு கிளையோடு வேனில் வந்தவள்.

"நான்தான் சார். மூணு அரியர் இருந்துச்சு. ரெண்டு தேறிட்டேன். இந்த அக்காதான் கூட உட்காந்து சொல்லிக்குடுத்தாங்க."

மண்டபத்தின் பின்கதவோரம் அந்த வேனை ஓட்டிவந்த உச்சிமாகாளி நின்றிருந்தார். சந்தனமாரியின் அப்பா. மகள் கழகத்து உறுப்பினர் என்று நம்பி, வேன் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவைத்திருந்தவர். சந்தனமாரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். ஜெயபுஷ்பமும் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"அவ சொல்றது பொய் சார்," என்றாள் ஜெயபுஷ்பம். "எங்க கிளை உறுப்பினர்தான். கேடயத்துக்காக எந்திரிச்சுட்டா."

"நல்ல கூத்து," என்றார் ஞானசிகாமணி. "ரெண்டு பேர்ல ஒருத்தி பொய் சொல்றீங்க. எவளா இருந்தா எனக்கென்ன? பொய் சொல்ற கிளைக்குப் போட்டியில இடமில்ல. உக்காரு."

கேடயம் ஆண்கள் கல்லூரிக்குப் போயிற்று. முகத்தை மறைத்த பையனையும் அதைப் பிடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். ஆதாரம் கேட்டு, கிளையையே தள்ளிய ஞானசிகாமணி. வாக்கைக் காக்கப் பொய் சொன்ன ஜெயபுஷ்பம். தன் பெயரைத் தானே சொன்ன சந்தனமாரி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் மனைவி இருந்தவரை ஜெயபுஷ்பத்தின் பக்கம்தான் நின்றாள். "பெத்தவன் முன்னால ஒரு பிள்ளையைத் தலைகுனிய விடச் சொல்றீங்களா?" என்று சண்டைக்கே வருவாள். என் விடை சந்தனமாரி. உறுதிமொழியைத் திரும்பப் படியுங்கள். அவள் வாய் திறந்த நொடியில் அது நிறைவேறிவிட்டது. அதற்குமேல் காக்க அங்கே ஒன்றும் இல்லை. அவள் தலையும் குனியவில்லை. ஜெயபுஷ்பம் செய்தது பிழை. பாசத்தால் வந்த பிழை. ஞானசிகாமணிக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. அதே உறுதிமொழி அவர் காதிலும் விழுந்தது; ஜெயபுஷ்பம் ஏன் மறுக்கிறாள் என்று அதிலிருந்தே ஊகித்திருக்கலாம். தன்னைத்தானே குறைத்துச் சொல்லிக்கொண்டு ஒருத்தி எழுந்து நின்றாள். கேட்ட ஆதாரம் கண்முன்னே நின்றது. 'எனக்கென்ன' என்றார். வண்டியை எடுக்குமுன் உச்சிமாகாளி மகளிடம் கேட்டது ஒன்றுதான்: "மிச்சம் ஒண்ண எப்ப எழுதணும் தாயி?" ஜெயபுஷ்பம், நீ சொல்லியிருக்க வேண்டியது, "ஆமா சார், இவதான்." அவ்வளவுதான். மூன்றாவது தாளையும் சந்தனமாரி தேறினாள். அந்த அறையில் இப்போது விடைத்தாள் கட்டுகள் இருக்கின்றன.