நல்ல தண்ணி கேட்ட மீன்

அந்தக் காலத்தில் மீன்களுக்கு வாய் இருந்தது. வாய் இப்போதும்தான் இருக்கிறது. அப்போது பேச்சும் இருந்தது. சாளை மீன்கள் கூட்டமாகச் சேர்ந்து ஊர்ப்புறணி பேசும். திருக்கை யாரோடும் ஒட்டாமல் தனக்குத்தானே முனகிக்கொண்டு போகும். எல்லாரிலும் பெரிய வாயாடி, பவளப்பாறைப் பக்கம் குடியிருந்த ஒரு பொடிமீன். விரல் நீளம்கூடத் தேறாது. உடம்பு முழுக்கப் பழுத்த பனம்பழத்தின் உள்நிறம். அன்றைக்கு அதன் மேல் ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரிந்து ஆடுமே கடல்சாமந்தி, அதன் இதழ்களுக்கு நடுவில்தான் அது குடியிருந்தது.

அந்தக் கரையில் பேச்சிக்கனி என்றொரு பெண் இருந்தாள். அவளும் அவள் புருஷன் உய்க்காட்டானும் கடல்நீரைப் பாத்தியில் தேக்கி உப்பு விளைவிப்பவர்கள். உய்க்காட்டானுக்குத் தன் உப்பின் மேல் அப்படியொரு பெருமை. குழம்பு ருசியாக இருந்தால் பெண்டாட்டியைப் பாராட்ட மாட்டான். "உப்பு யாரு உப்பு?" என்று கேட்டு மீசையைத் தடவிக்கொள்வான். பேச்சிக்கனியும் "மீனு யாரு மீனு, புளி யாரு புளி?" என்று கேட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

ஒருநாள் வாய்க்காலைத் திறந்து பாத்திக்குக் கடல்நீர் விட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த பொடிமீனும் தண்ணீரோடு உள்ளே வந்துவிட்டது. இது தெரியாமல் பேச்சிக்கனி பாத்திக்குள் காலை வைக்கப் போனாள்.

"அக்கா, அக்கா! காலைத் தூக்கு! நான் இங்கன இருக்கேன்!"

பேச்சிக்கனி குனிந்து அதை இரண்டு கையாலும் தண்ணீரோடு ஏந்தினாள். "நீ எங்கனருந்து வந்த? இது உப்பு விளையுத இடம்லா. இங்க கிடந்தா கருவாடாயிருவ."

"அப்ப என்னை வீட்டுல கொண்டுபோய் விட்டுரு."

கொண்டுபோய் விடுகிற நிலையில் கடல் இல்லை. கச்சான் என்கிற மேல்காற்று தொடங்கியிருந்தது. அது அடிக்கிற மாதங்களில் கரையில் மண் பறக்கும், பாறைப் பக்கம் ஒரு வள்ளமும் போகாது. அதனால் பேச்சிக்கனி மீனைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வாங்கிய வாயகன்ற புது மண்தொட்டி முற்றத்தில் இருந்தது. மாடு பழைய தொட்டியிலேயே குடிக்கட்டும் என்று அதில் கடல்நீரை நிரப்பினாள். அலை கரையில் ஒதுக்கிய ஒரு கல்லில் கடல்சாமந்தி உயிரோடு ஒட்டியிருந்தது. உய்க்காட்டான் அதைத் தூக்கிவந்து தொட்டிக்குள் வைத்தான்.

"காத்து அடங்குத வரைக்கும் நீ எங்க விருந்தாளி" என்றான்.

விருந்தாளி வந்த பிறகு அந்த வீட்டின் போக்கே மாறிவிட்டது. வேலை முடிந்து வந்தால் ஆளுக்கொரு மூலையில் சுருண்டு படுக்கிற இரண்டு பேரும் இப்போது தொட்டியைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். மீன் இடுப்பை ஒடித்து ஒடித்து ஆடும். ஊர்க் கதை கேட்கும். உய்க்காட்டான் பாட ஆரம்பித்தால், "அத்தான், மாடு கூப்பிடுது, என்னன்னு பாருங்க" என்று ஒரு போடு போடும். பேச்சிக்கனிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். பெற்ற பிள்ளையைப் போல அதன் மேல் ஆசை வைத்துவிட்டாள்.

காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போவாள். "நல்ல தண்ணி எடுத்துட்டு வந்துருதேன், என்னா?"

"நல்ல தண்ணின்னா என்னக்கா?"

"உப்பில்லாத தண்ணி. இந்த ஊருல எங்க தோண்டினாலும் உப்பாத்தான் ஊறும். அந்தச் செம்மண் மேட்டை, தேரியைத் தாண்டிப் போனாத்தான் நல்ல தண்ணிக் கிணறு."

மீன் அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டது.

கச்சான் காற்று சும்மா இருக்குமா? காயப் போட்ட துணியை மட்டுமா அது காய வைக்கும்? தொட்டித் தண்ணீரும் நாளுக்கு நாள் குறைந்தது. உய்க்காட்டான் குறையக் குறையக் கடல்நீரைக் கொண்டுவந்து ஊற்றினான். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்த வீட்டில் எதன் மேல்தான் உப்புப் பூக்கவில்லை!

மீனின் ஆட்டம் குறைந்தது. பிறகு பேச்சும் குறைந்தது. கடல்சாமந்தி இதழ்களைச் சுருட்டிக்கொண்டது. பேச்சிக்கனிக்குச் சோறு இறங்கவில்லை. "என்னடா செய்யுது?" என்று கேட்டுக்கேட்டுப் பார்த்தாள். "அசதியா இருக்கு" என்பதற்கு மேல் அதற்கே சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் அவள் தண்ணீருக்குப் போயிருந்தபோது மீன் மெல்ல மேலே வந்தது. உடம்பு எரிந்த எரிச்சலில் அதற்கு அந்த வார்த்தை ஞாபகம் வந்தது.

"அத்தான், எனக்கு நல்ல தண்ணி ஊத்துங்க."

உய்க்காட்டான் துள்ளி எழுந்தான். விருந்தாளி வாய்விட்டுக் கேட்டுவிட்டதே! கிணற்றுத் தண்ணீர் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கடல் மீன் கிணற்றுத் தண்ணீரை எதற்குக் கேட்கப் போகிறது? உப்பளக்காரனுக்கு நல்ல தண்ணீர் என்றால் கடைசிப் பாத்தியின் தண்ணீர்தான். பல பாத்திகளில் காய்ந்து காய்ந்து, எண்ணெய் போலக் கெட்டியாகி, இதோ உப்பாகப் போகிறேன் என்று நிற்குமே, அது. ஊரிலேயே நல்ல தண்ணீர் தன் பாத்தியில்தான் என்று அவனுக்கு நினைப்பு வேறு.

ஓடினான். குடம் நிறைய மொண்டுவந்தான். "இதைவிட நல்ல தண்ணி உனக்கு யாரு தருவா?" என்று ஆசை ஆசையாக ஊற்றினான்.

பேச்சிக்கனி இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தபோது மீன் தண்ணீருக்கு மேலே பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. தலைக்குப் பின்னால் ஒரு வளையம், நடு உடம்பில் ஒரு வளையம், வாலடியில் ஒரு வளையம் என்று உப்பு உறைந்து இறுகிப் போயிருந்தது.

"என்ன செஞ்சீங்க?"

"அது நல்ல தண்ணி கேட்டுச்சு. நம்ம கடைசிப் பாத்தித் தண்ணிய ஊத்துனேன்."

பேச்சிக்கனி தொட்டியின் விளிம்பைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று அசல் உப்புப் பாத்தியின் வரப்பு போல இருந்தது.

"ஐயோ, நாம வீட்டுக்குள்ளயே பாத்தி கட்டியிருக்கோம்! வெயிலு தண்ணியத்தான கொண்டுபோகும், உப்பைக் கொண்டுபோகுமா? போனது வெறும் தண்ணி. நீங்க தினமும் உப்பையில்லா கூட்டியிருக்கீங்க!"

கெட்டித் தண்ணீரில் பாதியை மொண்டு மொண்டு வெளியே கொட்டினாள். பிறகு குடத்தை எடுத்தாள்.

உய்க்காட்டான் குறுக்கே பாய்ந்தான். "ஏளா, வேண்டாம்! நல்ல தண்ணியில கடல் மீனு செத்துப்போகும்!"

அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. தன் கையாலேயே அதைக் கொன்றுவிடுவோமோ என்று யோசித்தாள். ஆனால் தினமும் வெயிலுக்குப் போனதைத்தானே திருப்பிக் கொடுக்கிறோம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். சிரட்டையில் எடுத்துக் கொஞ்சம் ஊற்றினாள். மீனைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அன்றைக்கு அந்த வீட்டுக்கு இருந்த குடிதண்ணீரே அவ்வளவுதான். உய்க்காட்டான் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு தேரியைத் தாண்டி ஓடினான். அவன் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது கடல்சாமந்தி ஓர் இதழை நீட்டியிருந்தது.

மீனின் செவுள் ஒருமுறை அசைந்தது. மறுபடியும் அசைந்தது. அது மெல்ல நிமிர்ந்து, உய்க்காட்டானைப் பார்த்து வாயைத் திறந்தது.

"அத்தான், உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு."

பிறந்ததிலிருந்து உய்க்காட்டானைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை அது. அவன் தொட்டியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். பேச்சிக்கனியும் அவனைப் பார்த்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உடம்பில் ஒட்டிய உப்பில் மேல்பொடி கரைந்தது. அந்த மூன்று வளையம் மட்டும் தோலிலேயே ஏறிவிட்டது. பேச்சிக்கனி துணியை நனைத்துத் துடைக்கப் பார்த்தாள். மீன் தண்ணீரில் தன் சாயலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"துடைக்காதக்கா. கூத்துல கோமாளிக்கு வெள்ளை அடிச்ச மாதிரி நல்லாத்தான் இருக்கு. அத்தான் போட்ட உப்பு, எனக்கு நகையா இருக்கட்டும்."

பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னது: "ஆனா ஒண்ணு. உங்க பேச்சு எனக்குச் சரிப்படாது. ஒரே வார்த்தைக்கு ரெண்டு தண்ணி வச்சிருக்கீங்க. இனி வாயால எதையும் கேட்க மாட்டேன். வேணும்னா ஆடுவேன். புரிஞ்சுக்க வேண்டியது உங்க பாடு."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டது. ஆட்டத்தை நிறுத்தவில்லை. கச்சான் ஓய்ந்ததும் இருவரும் அதைக் கடல்சாமந்தியோடு வள்ளத்தில் கொண்டுபோய்ப் பாறையருகே விட்டார்கள். அது வள்ளத்தைச் சுற்றி ஆடிய ஆட்டத்தைப் பார்த்து உய்க்காட்டான் பாடத் தொடங்கினான். அன்று மட்டும் அதை யாரும் கேலி செய்யவில்லை.

பெரிய வாயாடியே வாயை மூடிவிட்டதென்று மற்ற மீன்களும் அன்று முதல் பேச்சை விட்டுவிட்டன. அன்று முதல்தான் கோமாளி மீனின் உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை. அன்று முதல்தான் வீட்டில் கடல் மீன் வளர்க்கிறவர்கள், தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்பில்லாத நல்ல தண்ணீராக ஊற்றுகிறார்கள். அன்று முதல்தான், கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் யார் போய் நின்றாலும் அந்தப் பொடிமீன் மேலே வந்து இடுப்பை ஒடித்து ஒடித்து ஆடுகிறது. அதற்குப் பசி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பசியும் இருக்கலாம். ஆனால் முதலில் அது எட்டிப் பார்ப்பது, நம் கையிலிருப்பது எந்தத் தண்ணீர் என்றுதான்.