திருவடி நிழலில் ஒரு கொட்டகை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அந்நாட்டு மன்னன் தினமும் காலையில் உப்பரிகையில் நின்று அரண்மனைக் கொல்லையைப் பார்ப்பான். ஒருநாள் மழை ஓய்ந்த நேரம். மண்வெட்டியும் ஏணியும் எருக்கூடையும் சேற்றில் கிடப்பதைக் கண்டு முகம் சுளித்தான்.

"இவற்றைப் போட்டுவைக்க ஒரு கொட்டகை வேண்டும். ஆனால் நான் இங்கே நின்று பார்த்தால் அது கண்ணில் படக் கூடாது. கைதட்டினால் அங்கே கேட்க வேண்டும். ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது."

அமைச்சர் விசாகப்பெருமாள் முன்னே வந்தார். எதைச் சொல்வதற்கும் முன்னால் ஒரு கும்பிடு போடுகிற மனிதர். "தங்கள் திருவடி நிழலிலேயே வாழும் அடியேனின் விண்ணப்பம். மூங்கில் புதருக்குப் பின்னால் தோட்டக்காரன் காத்தானின் குடிசை இருக்கிறது. மறைவான இடம் அது ஒன்றுதான். குடிசையைப் பிரித்துவிட்டுக் கொட்டகை போடலாம்."

காத்தானின் மனைவி சடைச்சி நிறைமாதக் கர்ப்பிணி. அடைமழைக் காலம் வேறு. அவர்கள் எங்கே போவார்கள் என்று சுற்றி நின்றவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. விகடகவி இளநாகன்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"மன்னர் பெருமானே, வேறு இடம் இருக்கிறது" என்றான்.

அமைச்சருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "அப்படியானால் இவனே கட்டட்டும். மன்னர் இன்று வேட்டைக்குப் புறப்படுகிறார். அவர் திரும்பும்போது நிபந்தனையில் ஒன்று தவறினாலும் குடிசையும் போகட்டும், இவனும் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார். மன்னனும் தலையாட்டிவிட்டான்.

இளநாகன் நேரே காத்தானிடம் போய் யோசனை கேட்டான். பொருளைத் தூக்கிச் சுமக்கிறவனைக் கேட்காமல் கட்டும் கொட்டகை எதற்கு உதவும்?

"மழைத்தண்ணி மேக்கால இருந்து வருதுங்க சாமி. தரையை ஒரு முழம் ஒசத்திக்கணும். ஏணி ரொம்ப நீளம். நேரா நுழையற மாதிரி வாசல் வைங்க, திருப்பி எடுக்கறதுக்குள்ள இடுப்பு போயிடும்" என்றான் காத்தான்.

எட்டாம் நாள் மன்னன் திரும்பினான். உப்பரிகையில் ஏறிக் கொல்லை முழுவதையும் பார்த்தான்.

"எங்கே கொட்டகை? ஒன்றையும் காணோமே?"

"முதல் நிபந்தனை நிறைவேறியது, மன்னா. மரங்களை எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு கைதட்டுங்கள்."

மன்னன் கைதட்டினான். "இதோ வந்துட்டேனுங்க!" என்று தரையைப் பிளந்துகொண்டு வந்ததுபோல நேர் கீழே ஒரு குரல் கேட்டது. மன்னன் திடுக்கிட்டான்.

"எங்கேயடா கட்டினாய்?"

"தங்கள் திருவடி நிழலில்தான், மன்னா. உப்பரிகைக்கு அடியில், தூண்களுக்கு நடுவில். தாங்கள் இங்கே நிற்கும்வரை அது தங்கள் கண்ணில் படவே படாது."

அமைச்சர் பதறினார். "அபசாரம்! மன்னரின் திருவடி நிழலில் எருக்கூடையா?"

"அமைச்சரே, தாங்கள் வருடக்கணக்காகக் குடியிருக்கும் இடமாயிற்றே! கூடைக்குக் கொஞ்சம் தள்ளி உட்காரக் கூடாதா?"

மன்னன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தபடியே கீழே இறங்கி வந்தான். உயர்த்திய தரை ஈரமில்லாமல் இருந்தது, ஏணி நேராகக் கிடந்தது. வாசலில் காத்தான் குனிந்து நின்றான்.

"எத்தனை வருடமாக இங்கே வேலை செய்கிறாய்?"

"பதினெட்டு வருசமுங்க."

மன்னனின் சிரிப்பு நின்றுபோனது. "தினமும் மேலே நின்று பார்த்திருக்கிறேன். உன்னைப் பார்த்ததில்லையே" என்றான். வெட்கத்தில் அவன் குரல் தாழ்ந்துவிட்டது.

முத்துமாலையைக் கழற்றி இளநாகன் கழுத்தில் போட்டான். காத்தான் குடும்பம் இருக்கும்வரை அந்தக் குடிசையை யாரும் தொடக் கூடாது என்று அங்கேயே ஆணையிட்டான். அமைச்சர் அதை ஓலையில் எழுதிக்கொண்டார், வேறு வழி?

காத்தான் மூங்கில் புதருக்கு ஓடினான். சடைச்சி பானை சட்டிகளைத் துணியில் கட்டி வைத்து, அதன்மேல் கைவைத்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"அவுத்துரு புள்ள. போக வேண்டாம்."

அவள் மூட்டையை அவிழ்த்து, சோற்றுப்பானையை எடுத்து உலையேற்றினாள். அடுப்பு பற்றிய பிறகுதான் அழுதாள்.