நானூறு பேருக்கு வேலை கொடுத்த மூன்று மேனேஜர்கள்

திண்டுக்கல்லில் நல்லமுத்து முதலாளியின் பூட்டுக் கம்பெனியில் மூன்று மேனேஜர்கள் இருந்தார்கள். விற்பனைக்குக் காமாட்சிநாதன், குடோனுக்குச் சவரிமுத்து, பாக்கிங்குக்குத் தவமணியம்மா. மூவரும் தங்கமானவர்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே கஷ்டம்.

பூட்டு விற்கவில்லை என்று முதலாளி மூவரையும் சென்னையில் ஒரு மேலாண்மைக் கல்லூரிக்கு அஞ்சு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். "புரொபசர் என்ன சொல்றாரோ அதை அப்படியே செய்யணும். சர்ட்டிபிகேட் இல்லாம வந்தீங்க, கேட்டுக்குள்ள விடமாட்டேன்" என்றார். மூவரும் பயந்தபடியே ரயிலேறினார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள்?

முதல் நாள் ஒவ்வொருவரையும் ஒரு நிமிஷம் தன்னைப் பற்றிப் பேசச் சொன்னார் புரொபசர். சவரிமுத்து பத்தே நொடியில் முடித்துவிட்டு, வாட்சைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னதற்கு, "இன்னும் பதினெட்டு நொடி இருக்கு சார்" என்றார்.

பெயர் அட்டையை அஞ்சு நாளும் கழற்றக் கூடாது என்றார்கள். தவமணியம்மா அதோடேயே குளித்தார். மூன்றாம் நாள் வெறும் வெள்ளை அட்டையோடு வந்து உட்கார்ந்தார், பாவம்.

"மனசுல தோணுறதை யோசிக்காம போர்டுல எழுதுங்க. இங்க எதுவும் தப்பில்ல" என்றார் புரொபசர் ஒரு வகுப்பில். காமாட்சிநாதன் எழுந்து போய், 'கேஸ் அடுப்பை அணைத்தேனா?' என்று எழுதினார். அதற்கப்புறம் அந்த வகுப்பில் ஒருவருக்கும் பாடம் ஏறவில்லை.

நாலாம் நாள்தான் வினையே வந்தது. பன்னிரண்டு பக்கத்தில், பாடத்துக்காக இட்டுக்கட்டிய ஒரு கம்பெனியின் கதையைக் கொடுத்து விவாதிக்கச் சொன்னார்கள். வடக்கே வெண்முகில் பிஸ்கட் என்று ஒரு கம்பெனி. பயங்கர நஷ்டம். நானூறு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை. கடைசி வரியில், 'நீங்கள்தான் இதன் நிர்வாக இயக்குநர். முடிவெடுங்கள்' என்று போட்டிருந்தது.

"அண்ணே, நம்மளையா போட்டுட்டாங்க?" என்றார் தவமணியம்மா.

"அச்சுலயே இருக்கே தாயி" என்றார் சவரிமுத்து.

"நாற்காலி ஒண்ணுதானே இருக்கும்? நாம மூணு பேரு."

"மாறி மாறி உக்காந்துக்கலாம். இப்ப அதுவா பெரிசு? நானூறு குடும்பம்மா! அந்தப் பாவம் நமக்கு வேணாம்." சவரிமுத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காமாட்சிநாதன் ஒரு வழி சொன்னார். "நம்ம கம்பெனிக்கே கூப்பிட்டுக்குவோமே?"

"பிஸ்கட் போடுறவங்களுக்குப் பூட்டு செய்ய வருமா?" என்றார் தவமணியம்மா.

"நமக்கு மட்டும் வருதா? நம்மள யாராவது அனுப்பிட்டாங்களா?"

முடிவு ஏகமனதாக நிறைவேறியது.

புரொபசர் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசி நாள் சர்ட்டிபிகேட்டை நீட்டும்போது எல்லோருக்கும் சொல்வதையே இவர்களிடமும் சொன்னார்: "இங்க எடுத்த முடிவை ஊர்ல போய்ச் செய்யலேன்னா இது வெறும் காகிதம்."

வெறும் காகிதத்தோடு போனால் முதலாளி விடுவாரா? மூவரும் அன்றைக்கே பிஸ்கட் கம்பெனிக்குக் கடிதம் போட்டார்கள்: 'நானூறு பேரும் திங்கட்கிழமை காலை ரயிலில் திண்டுக்கல் வந்து சேரவும். வேலை தயார்.'

ஊருக்கு வந்து சொன்னதும் முதலாளி முகம் சிவந்தது. "என்னைக் கேக்காம நானூறு பேரா?"

"புரொபசர் சொல்றதைச் செய்யச் சொன்னது நீங்கதானே முதலாளி?"

முதலாளி தலையைச் சொறிந்தார். "சரி, சோத்துக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை ஸ்டேஷனில் மாலையும் நாலு அண்டா சாம்பார் சாதமுமாக நால்வரும் நின்றார்கள். ரயில் வந்தது. பலாப்பழத்தோடு ஒருவர் இறங்கினார், அவரும் பழனிக்கு வழி கேட்டார். அடுத்த ரயிலிலும் யாரும் வரவில்லை. உச்சிவெயில் ஏற ஏற மூவரும் மாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். வேலை போச்சு என்றே நினைத்தார்கள்.

முதலாளி பல்லைக் கடித்தார். "நானூறு பேருல ஒருத்தனுக்குக்கூட நேரத்துக்கு வரத் தெரியல. அந்தக் கம்பெனி ஏன் நொடிச்சுப்போச்சுன்னு இப்பப் புரியுதா? எல்லாரையும் டிஸ்மிஸ் பண்ணுங்க!"

தங்கள் வேலை தப்பியதே என்று மூவரும் பெருமூச்சு விட்டார்கள். பிறகு ஆபீசில் உட்கார்ந்து, அழுதுகொண்டே, நானூறு டிஸ்மிஸ் ஆர்டர் எழுதினார்கள். முதல் தடவை என்பதால் நாலு பேரை மட்டும் மன்னித்து, அவர்கள் ஆர்டரைக் கிழித்துவிட்டார்கள். அந்த நாலு பேருக்குப் போன வாரம்தான் சம்பளம் உயர்ந்தது.