தேசம்மா கட்டிய அலை

மாநகராட்சியின் காலி மனையில் கட்டட இடிபாடு மலைபோலக் கிடந்தது. மேட்டுக்காலனிப் பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவே சாலையில் ஸ்கேட்டிங் பலகை ஓட்டினார்கள். பொறுக்க முடியாமல் சித்தாள் தேசம்மா கவுன்சிலர் கஜபதியிடம் போய் அந்த மனையைக் கேட்டாள்.

"எடுத்துக்கோ. ஆனா ஒரு கல்லுகூட வெளியே போகக் கூடாது" என்று சிரித்தார் அவர்.

"சறுக்குறதுக்கு மேடுதான் சார் வேணும். இன்னும் ரெண்டு லோடு கொட்டுங்க."

கொட்டினார். கொத்தனார்கள் கைகொடுக்க, தேசம்மா அந்தக் குவியல்களை வளைத்துச் சிமெண்ட் பூசினாள். காலனிக்காரர்கள் அதன்மேல் நீலக் கடலும் திமிங்கலமும் வரைந்தார்கள். திறப்பு நாளில் ஒரு சிறுமி அலையேறி அந்தரத்தில் திரும்பியபோது தெருவே மூச்சுவிட மறந்தது.

விழாவுக்கு வந்திருந்த மாநகராட்சிக் கமிஷனர் வியந்து கேட்டார்: "இத்தனை பெரிய மேடு எப்படிம்மா வந்தது?"

"கவுன்சிலர் சார் புண்ணியம்! அஞ்சு வருசமா அவர் காண்ட்ராக்ட் எடுத்து இடிச்ச கட்டடத்தையெல்லாம் யாரையும் கேக்காம இங்கதானே கொட்டினாரு!"

மாலைக்காக நீட்டிய கழுத்தைக் கஜபதி மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.