பொந்தில் கை விட்ட கரடி

நாவல் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் மைனா ஒன்று இருந்தது. விடிந்ததும் ஓடையில் நாலு முழுக்கு போடும். கொஞ்ச நேரம் வெயில் காயும். வழியில் பார்க்கிற எல்லாரையும் நலம் விசாரிக்கும். அவ்வளவுதான் அதன் அன்றாடம். ஆனால், குழந்தைகளே, அந்தக் காட்டில் அதைப் போலக் கலகலப்பான உயிர் இன்னொன்று இல்லை.

அங்கே ஒரு கரடியும் இருந்தது. நல்ல குகை, வயிறு நிறையத் தேன். இருந்தும் எதைப் பார்த்தாலும் அதற்கு எரிச்சல். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குகைக்குள்ளேயே படுத்துக் கிடந்தது.

அந்தக் குகையின் மேல் நரிக்கு ஒரு கண்.

"கரடியாரே, அந்த மைனா மகிழ்ச்சியைத் தன் பொந்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறது, தேன் மாதிரி! பொந்தை நான் காட்டுகிறேன். மகிழ்ச்சி உமக்கு, குகை எனக்கு. சம்மதமா?" என்றது நரி.

கரடி அறிந்தவரையில் இனிப்பானது எல்லாமே ஏதாவது ஒரு பொந்தில்தான் இருக்கும். அதனால் உடனே நம்பிவிட்டது.

நரி காட்டிய மரத்தடிக்குக் கரடி வந்து நகத்தை நீட்டியபோது மைனா பொந்தின் வாயை மறித்து நின்றது. பொந்துக்குள் இருந்தவை சரியாக இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள்!

"உள்ளே இருக்கும் மகிழ்ச்சியைக் கொடு! இல்லாவிட்டால் மரத்தைப் பிளந்துவிடுவேன்!"

அலறியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். மைனா அலறவில்லை. அந்தச் சின்ன உடம்புக்குள் எவ்வளவு நெஞ்சுரம் பாருங்கள்!

"தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணா. ஆனால் அது இன்னும் பக்குவமாகவில்லை. தேன்கூட அப்படித்தானே? பத்து நாள் ஆகும். அதுவரை நீங்கள் ஒரு நோன்பு இருக்க வேண்டும்."

"என்ன நோன்பு?"

அவசரத்தில் மைனாவுக்குத் தன் அன்றாட வேலைகளைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

"விடிந்ததும் ஓடையில் குளிக்க வேண்டும். சற்று வெயில் காய வேண்டும். எதிரே வருபவரைப் பெயர் கேட்டு விசாரிக்க வேண்டும். ம்ம்... யாருக்காவது ஒரு சிறு உதவியும் செய்ய வேண்டும்."

முதல் நாள் கரடி முணுமுணுத்துக்கொண்டே குளித்தது. இரண்டாம் நாள் மானிடம், "உன் பெயர் என்ன?" என்று உறுமியது. பாவம் மான், எடுத்தது ஓட்டம். நான்காம் நாள் மல்லாந்து கிடந்த ஓர் ஆமையை நிமிர்த்தி வைத்தது. ஆமை நன்றி சொன்னதை அன்று முழுவதும் மைனாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பூரித்தது. மைனாவின் கண்ணோ குஞ்சுகளின் இறக்கை மேலேயே இருந்தது.

பத்தாம் நாள் காலை இரண்டு குஞ்சுகள் பறந்துவிட்டன. மூன்றாவது ஒரு பயந்தாங்கொள்ளி. பொந்தை விட்டு வரவே மாட்டேன் என்றது. மைனா கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே நரி கரடியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

"கையை விடும், கரடியாரே! மகிழ்ச்சியை எடுத்துக்கொண்டு குகையை ஒப்படையும்!"

கரடி பொந்துக்குள் கையை விட்டது. மெல்ல வெளியே எடுத்தது. உள்ளங்கையில் குஞ்சு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றது.

மைனா கரடியின் காலடியில் வந்து விழுந்தது. "அண்ணா, நான் சொன்னது பொய்! உள்ளே இருந்தவை என் பிள்ளைகள்தான். கோபத்தை என்மேல் காட்டுங்கள், குஞ்சை விட்டுவிடுங்கள்!"

கரடி குனிந்து குஞ்சைப் பார்த்தது.

"உன் பெயர் என்ன?" என்று கேட்டது.

குஞ்சு அந்தக் கையிலிருந்தே எம்பி, தட்டுத் தடுமாறிப் பறந்து, ஒரு கிளையில் போய் உட்கார்ந்தது. கரடி வாய்விட்டுச் சிரித்தது.

"பேச்சுப்படி பொந்தைக் காட்டிவிட்டேன். குகை எங்கே?" என்று நரி துள்ளியது.

"பொந்தில்தான் மகிழ்ச்சி இல்லையே, நரியாரே. பிறகு குகையை எதற்குத் தருவது?"

நரி நடையைக் கட்டியது.

"என்மேல் கோபம் இல்லையா, அண்ணா?" என்று மைனா தயங்கிக் கேட்டது.

"கோபமா? பொந்து என்று ஒன்று இருப்பதையே நான் மறந்து நாலு நாளாகிறது. நரி இழுத்ததால்தான் வந்தேன். சரி, சரி, வா! வெயில் ஏறுகிறது, இன்னும் குளிக்கவில்லை."

நீதி: நாள்தோறும் கடைப்பிடிக்கும் சின்னச் சின்ன நல்ல பழக்கங்களால் மகிழ்ச்சி தானாக வந்து சேரும்.