சிபி சிரித்த வரி

“வளரும் கவிஞர்னா எத்தனை வயசு வரைக்கும் வளரலாம் டீச்சர்?”

திருஞானம் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே எரிச்சலில் கேட்டார்.

செல்வநாயகி செம்பருத்தித் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எத்தனைன்னு போட்டிருக்காங்க?”

“நாப்பத்திரெண்டு.”

“உங்களுக்கு?”

“வர்ற தையோட தாண்டிடுது.”

“அப்ப இந்த வருஷமே வளர்ந்துடுங்க.”

டீச்சர் பேச்சே இப்படித்தான்.

திருஞானம் குளித்தலை தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தார். செல்வநாயகி அவரைவிட ஆறு வயது இளையவர். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தினார். இரண்டு கவிதைப் புத்தகம் போட்டார். பிறகு இரண்டையும் விட்டுவிட்டு வாய்க்கால் கரையில் நாற்றுப் பண்ணை வைத்துவிட்டார்.

நான்கு வருஷமாகத் திருஞானம் அந்தப் பண்ணைக்குக் காகிதத்தோடு போய்வருகிறார். நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட டீச்சர் ‘நல்லா இருக்கு’ என்று சொன்னதில்லை. ஊரில் அதைச் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். அதனாலேயே திருஞானத்தால் போகாமல் இருக்க முடியவில்லை.

திருச்சியில் ஓர் இலக்கிய மன்றம் வருஷா வருஷம் ‘வளரும் கவிஞர்’ போட்டி நடத்துகிறது. புராணத்திலிருந்தோ நீதிக்கதையிலிருந்தோ ஒரு கதையை எடுத்துக்கொண்டு ஒரு கவிதை எழுத வேண்டும். இதுவரை புத்தகம் வராதவர்கள்தான் கலந்துகொள்ளலாம். ஜெயிப்பவருக்கு அவர்களே புத்தகம் போட்டுக் கொடுப்பார்கள்.

முதல் வருஷம் திருஞானம் அகலிகையைப் பற்றி எழுதினார். முந்நூறு பேர் அகலிகையைப் பற்றி எழுதியிருந்தார்களாம்.

அடுத்த வருஷம், முயல் பேச்சைக் கேட்டுக் கிணற்றில் குதித்த சிங்கத்தைப் பற்றி எழுதினார். அதற்குப் பதிலே வரவில்லை.

“இந்தத் தடவை யாரு?” என்று கேட்டார் செல்வநாயகி.

“சிபி.”

“கதையைச் சொல்லுங்க.”

“உங்களுக்குத் தெரியாததா டீச்சர்?”

“நீங்க சொல்லுங்க.”

திருஞானம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பருந்து துரத்தி வந்த புறா ஒன்று சிபிச் சக்கரவர்த்தியிடம் தஞ்சம் புகுந்தது. என் இரையைக் கொடு என்றது பருந்து. தர மாட்டேன், அதன் எடைக்கு என் சதையைத் தருகிறேன் என்றார் ராஜா. தராசின் ஒரு தட்டில் புறாவை வைத்து, மறு தட்டில் தன் தொடையை அரிந்து வைத்தார். எவ்வளவு வைத்தும் தட்டு இறங்கவில்லை. கடைசியில் ராஜாவே தட்டில் ஏறி உட்கார்ந்தார். உடனே பருந்து இந்திரனாகவும் புறா அக்கினியாகவும் மாறி அவரை வாழ்த்தினார்கள். காயமெல்லாம் ஆறிவிட்டது.

“ஆறிடுச்சா?”

“ஆறிடுச்சு.”

செல்வநாயகி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கவிதையை வாங்கினார். நின்றபடியே நாற்பத்தாறு வரியையும் படித்தார்.

“ராஜாவுக்கு எத்தனை வரி?”

“முப்பது இருக்கும்.”

“பருந்துக்கு?”

“ஒரு பதினஞ்சு.”

“புறாவுக்கு?”

திருஞானம் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார்.

“ஒண்ணு.”

செல்வநாயகி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார்.

&nbsp;

மூன்று நாள் கழித்துத் திருஞானம் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை புறாவுக்குப் பதினான்கு வரி. பால் வெண்மைச் சிறகு, குன்றிமணிக் கண், நடுங்கும் பவளக் கால். நல்ல வெள்ளைத்தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார்.

செல்வநாயகி படித்தார்.

“தராசுல உட்கார்ந்திருந்தப்ப அது எங்க பார்த்துச்சு?”

“எது?”

“புறா.”

“எனக்கு எப்படிங்க தெரியும்? நான் என்ன பக்கத்துலயா நின்னேன்?”

“வேற யாரு நின்னது?”

“யாருமே நிக்கல டீச்சர். புராணம் அது.”

செல்வநாயகி தலையை ஆட்டினார். அந்தத் தாளைக் கூம்பு மாதிரி சுருட்டினார். அடியை மடக்கினார். உள்ளே இரண்டு பிடி மண்ணைப் போட்டு, ஒரு பப்பாளி விதையை விரலால் அழுத்தினார்.

“டீச்சர்! அது நல்ல பிரதி!”

“தாள் நல்லாத்தான் இருக்கு” என்றார் செல்வநாயகி.

அன்றைக்குத் திருஞானம் சைக்கிளை மிதித்த மிதியில் சங்கிலி கழன்றுவிட்டது. வாய்க்கால் பாலத்தில் நின்று அதை மாட்டும்போது, கையெல்லாம் மையாக, இனிமேல் அந்தப் பொம்பளை இருக்கிற திசைக்கே போவதில்லை என்று சத்தமாகச் சொன்னார். எதிரே வந்த ஒருவர் ஒதுங்கிப் போனார்.

&nbsp;

வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்றைய தேதி முத்திரை விழுந்தால்தான் கவிதையைச் சேர்த்துக்கொள்வார்கள். திருச்சிக்குப் போகும் தபால் பையை மூன்றரை மணிக்குக் கட்டுவார்கள்.

திருஞானம் அரை நாள் விடுப்புப் போட்டார். மூன்றாவது பிரதியை உறையில் வைத்து முகவரி எழுதினார். ஒட்டவில்லை. இரண்டு மணிக்குப் பண்ணையில் நின்றார்.

“இதைப் படிச்சுட்டு, அனுப்பலாமா வேண்டாமான்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. கேள்வி கேட்காதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.”

செல்வநாயகி உறையைப் பிரிக்கவே இல்லை.

“தராசுலேர்ந்து இறங்கி அந்தப் புறா எங்க போச்சு?”

திருஞானத்துக்குப் பொறுமை போய்விட்டது.

“எங்கயும் போகல! அது புறாவே இல்ல! அக்கினி! மாயம் கலைஞ்சுது, கதை முடிஞ்சுது!”

“மாயம் இல்லைன்னு வெச்சுக்குங்க. சும்மா ஒரு புறா.”

“சும்மா ஒரு புறான்னா பறந்து போயிருக்கும்.”

“போயி?”

“போயி தின்னுருக்கும், தூங்கியிருக்கும். உயிர் பிழைச்சாச்சுல்ல!”

“மறுநாள் அரண்மனைப் பக்கம் வந்திருக்குமா?”

“எப்படி வரும்? அந்த ராஜா மூஞ்சியில அது எப்படி முழிக்கும்?”

சொன்ன பிறகு திருஞானம் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அது ஏன் வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

செல்வநாயகி தண்ணீர்க் குழாயை அடைத்தார். அவரை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார்.

“சாப்பிட்டீங்களா?”

“என்னது?”

“மத்தியானம். சாப்பிட்டாச்சா?”

“இல்ல.”

“போய்ச் சாப்பிடுங்க” என்று உறையை அவர் சட்டைப்பையில் செருகினார்.

&nbsp;

திருஞானத்துக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா கற்பகவல்லியின் வீடு அடுத்த வாசல். அத்தான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதம் ஒரு தடவை வருவார்.

அவர் உள்ளே நுழையும்போது அக்கா தரையில் உட்கார்ந்து வாழையிலைகளை அடுக்கி நாரால் கட்டிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அவள் வாழைக்காய் மண்டியில் தார் சுமப்பவள். ஆம்பிளைகளுக்குச் சமமாகத் தூக்குவாள். இப்போது கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் திருஞானத்துக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். ஊருக்கே தெரிந்த சமாச்சாரம். அவர்கள் இரண்டு பேர் மட்டும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

“மணி மூணு ஆகுது. குடல் என்னத்துக்குடா ஆகும்?” என்று அக்கா தட்டை வைத்தாள்.

திருஞானம் வழக்கம்போலப் பலகையைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். வேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டார்.

“பையில என்ன உறை?”

“ஒண்ணுமில்ல. ஒரு போட்டிக்கு.”

“படி.”

“உனக்குப் புரியாதுக்கா.”

“ஏன், இங்கிலீஷா?”

“தமிழ்தான்.”

“அப்ப படிடா.”

இடது கையால் தாளை எடுத்து, எரிச்சலோடு, சுவரைப் பார்த்தபடியே படித்தார். அக்கா இலை அடுக்கும் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. ராஜா தொடையை அரியும் இடம் வந்தது.

“இதழில் புன்னகை மலர அரிந்தான் வேந்தன்…”

இலைச் சத்தம் நின்றது.

“யாரு சிரிச்சது?”

“ராஜா.”

“அறுக்கும்போதா?”

“ஆமா.”

“பொய்.”

“புராணம்க்கா. அதுல பொய், நெசம்லாம் பார்க்கக் கூடாது.”

“எந்தப் புராணமா இருந்தா என்ன? அறுக்குறப்ப எவனும் சிரிக்க மாட்டான்.”

“உனக்கு என்ன தெரியும்?” என்று திருஞானம் சீறினார்.

அக்கா கோபப்படவில்லை. நாரைப் பல்லில் கடித்து இழுத்தாள்.

“ஆபரேஷன் அன்னைக்கு விடியக்காலம் பச்சைத் துணியைக் கட்டி உட்கார வெச்சாங்க. நர்ஸு அந்தப் பக்கம் போச்சு. நான் எந்திரிச்சுட்டேன்.”

“எதுக்கு?”

“ஓடிப் போயிடலாம்னுதான்.”

திருஞானம் தாளை மடியில் போட்டார்.

“நெசமாத்தாண்டா. பயம்னா பயம், அப்படியொரு பயம். கீழ பார்த்தா செருப்பைக் காணோம். கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடுறேன். நர்ஸு வந்து, என்னம்மா தேடுறன்னு கேட்குது. மூக்குத்தித் திருகு விழுந்துடுச்சுன்னு சொன்னேன். அது பாவம், அதுவும் என்கூட மண்டி போட்டுத் தேடுச்சு.”

அக்கா தானாகச் சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“செருப்பு கெடைச்சுதா?” என்று கேட்டார் திருஞானம்.

“கெடைச்சுது. ரெண்டும் கெடைச்சுது. அந்தச் சுவரோரமா இருந்துச்சு.”

“அப்புறம் ஏன்க்கா போகல?”

அக்கா கையை விரித்தாள்.

“போகல. அவ்வளவுதான்.”

இன்னொரு இலைக்கட்டை எடுத்து முடிச்சுப் போட்டாள். அது சரியாக விழவில்லை. பிரித்து மறுபடியும் போட்டாள். திடீரென்று அவளுக்கும் எரிச்சல் வந்துவிட்டது. கட்டைத் தூக்கி ஓரமாகப் போட்டாள்.

“நான் ஓடலைடா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து நீதான் ஓடிக்கிட்டு இருக்க. மூணு வருஷமாச்சு. என் மூஞ்சியைப் பார்த்து ஒரு வாய்ச் சோறு தின்னிருக்கியா நீ? திருடிட்டு வந்தவன் மாதிரி வர்ற, சுவத்தைப் பார்த்துத் தின்னுற, கையைக் கழுவிக்கிட்டுப் போயிடுற. என்கிட்டேர்ந்து நீ என்னத்தைடா திருடின? நான்தானே கொடுத்தேன்?”

திருஞானத்தின் செல்போன் அடித்தது. தபால் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் சந்தனசாமி.

“அண்ணே, திருச்சிப் பையைக் கட்டணும். உங்களுக்காகத்தான் வெச்சிருக்கேன். எங்க இருக்கீங்க?”

திருஞானம் மடியில் கிடந்த தாளைப் பார்த்தார். ராஜா சிரித்துக்கொண்டிருந்தார்.

“கட்டிடுப்பா” என்றார்.

“அண்ணே, கடைசி நாள்னு சொன்னீங்களே?”

“ஆமா. நீ கட்டிடு.”

போனை வைத்துவிட்டு எழுந்தார். பலகையைத் திருப்பிப் போட்டார். தட்டையும் எடுத்து இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

அக்காவுக்குக் காதோரம் நரைத்திருந்தது. அது அவருக்கு அதுவரை தெரியாது.

சோற்றைப் பிசைந்தார்.

“அக்கா.”

“ம்?”

“எந்தப் பக்கம் எடுத்தாங்க?”

“இடது” என்றாள் அக்கா.